சாக்கில் அச்சிட்ட விலைக்கு ஒரு மூட்டை யூரியா: உரத்துறைக்கும் வேளாண் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஒன்றிய உரத்துறை அமைச்சர் அவர்களுக்கும், தமிழ்நாட்டு வேளாண்மைத் துறை, கூட்டுறவுத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் திருவாரூர் மாவட்டத்தில், மன்னார்குடிப் பக்கம், ஐந்து ஏக்கர் சாகுபடி செய்கிறவன். ஒன்றரை ஏக்கர் சொந்தம், மூன்றரை குத்தகை. மனு எழுதி, நகல் எடுத்து, குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று கொடுத்து, "பரிசீலிக்கப்படும்" என்று பதில் வாங்கிய அனுபவம் நிறையவே இருக்கிறது. அதனால் இதை மனுவாக எழுதவில்லை. பேசுகிற மாதிரியே எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஐப்பசியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலு நாள் விடாமல் மழை. தண்ணீர் வடிந்து பார்த்தால் சம்பாப் பயிர் வெளுத்துப்போய் நிற்கிறது, தூர் கட்ட வேண்டிய நேரம். யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து ஒரு ராத்திரி வைத்து, பொட்டாஷும் சேர்த்துத் தெளித்தால் பயிர் தேறிவிடும் என்று வேளாண் துறையே ஒவ்வொரு மழைக்கும் அறிக்கை விடுகிறது, அது சரியான யோசனையும்தான். ஆனால் யூரியா வேண்டுமே. எங்கள் கூட்டுறவு சங்கத்தில் இல்லை. "லோடு வந்தால் சொல்றோம்ணே" என்றார்கள். சரி என்று தனியார் கடைக்குப் போனேன். ஆறு மூட்டை கேட்டேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், "ஆறு மூட்டைன்னா கூட ஒரு வாளி குருணையும் ரெண்டு பாட்டிலும் எடுத்துக்கணும், இல்லன்னா ஸ்டாக் இல்ல" என்றார். ஸ்டாக் என் கண்ணெதிரே அடுக்கிக் கிடக்கிறது.

கணக்கு இப்படி. வேம்பு பூசிய 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, ஆறு மூட்டைக்கு 1,599. குருணை, அதாவது மணி மணியாக வருகிற உரம், வாளி 650. திரவ உரப் பாட்டில் ஒன்று 225, இரண்டுக்கு 450. மொத்தம் 2,699 ரூபாய் கொடுத்தேன். ஆறால் வகுத்துப் பாருங்கள், மூட்டைக்கு 450 ரூபாய் வருகிறது. ஆதாரையும் கைரேகையையும் சரிபார்த்து மானிய உரம் விற்கிற மெஷினில் வந்த சீட்டில் 266.50 மட்டும்தான் இருக்கிறது. டெல்லியில் உட்கார்ந்து கணினியைப் பார்க்கிறவருக்கு, மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவன் அரசு நிர்ணயித்த விலைக்கு ஆறு மூட்டை வாங்கிச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனான் என்றுதான் தெரியும். அந்த வாளி இன்னும் என் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது. மாட்டுக்குத் தவிடு கலக்கலாமா என்று என் மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கடைக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம். நானும் அன்றைக்குத் திட்டினேன். அப்புறம் கோபம் ஆறிய பிறகு அவரிடமே உட்கார்ந்து பேசியபோதுதான் பாதி விஷயம் பிடிபட்டது. யூரியாவில் விற்பனையாளருக்கு நீங்கள் வைத்திருக்கும் லாபம் டன்னுக்கு 354 ரூபாய். மூட்டைக்குக் கணக்குப் போட்டால் பதினாறு ரூபாய்கூட முழுசாக வராது. அதில்தான் கடை வாடகை, ஆள் கூலி, மெஷின், கரண்டு எல்லாம். ரயிலில் வந்த சரக்கு கடை வாசல் வரைக்கும் வந்து சேர வேண்டும் என்பது ஏற்பாடு, ஆனால் பல நேரம் வண்டி வாடகையும் இறக்குக்கூலியும் தன் தலையில்தான் விழுகிறது என்கிறார். அதைவிடப் பெரிய விஷயம், மொத்த விற்பனையாளரிடம் அவர் யூரியா எடுக்கும்போதே இந்த வாளிகளையும் பாட்டில்களையும் சேர்த்துத்தான் தருகிறார்கள், வேண்டாம் என்றால் அடுத்த லோடில் பெயர் இருக்காது. மேலே தலையில் கட்டினதை அவர் கீழே என் தலையில் கட்டுகிறார். நான் யார் தலையில் கட்டுவது? நெல்லோடு வாளியையும் சேர்த்து வாங்கினால்தான் ஆச்சு என்று கொள்முதல் நிலையத்தில் சொல்லிப் பார்க்கலாமா?

இப்படி மானிய உரத்தோடு வேறு பொருளைத் திணிப்பது கூடாது என்று உங்கள் அமைச்சகமே மாநிலங்களுக்கும் கம்பெனிகளுக்கும் எழுதியிருக்கிறது. 1955-ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் இருக்கிறது, 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது, உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரம் உங்கள் கையில்தான் இருக்கிறது. வருஷா வருஷம் குறுவைக்கு ஒரு தடவை சம்பாவுக்கு ஒரு தடவை "உரத்துடன் இணைப்பொருள்கள் விற்றால் கடும் நடவடிக்கை" என்று கலெக்டர் ஆபீஸ் அறிக்கை பேப்பரில் வருகிறது, அதை அந்தக் கடைக்காரரும் நானும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து படிக்கிறோம். பிறகு எழுந்து போய் அவர் வாளியை எடுத்து வைக்கிறார், நான் காசை எடுத்து வைக்கிறேன். புகார் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுத்தால் அடுத்த தடவை எனக்கு உரம் யார் தருவார்? மழை விட்டு மூன்றாம் நாள் பயிர் வெளுத்து நிற்கும்போது நியாயம் கேட்டுக்கொண்டிருக்க எந்த விவசாயியாலும் முடியாது, அது கடைக்காரருக்கும் தெரியும், அவருக்கு மேலே இருக்கிறவர்களுக்கும் தெரியும்.

அதனால் விவசாயி புகார் கொடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் ஆள் ஒருவர் லுங்கி கட்டிக்கொண்டு, ஆதாரை எடுத்துக்கொண்டு, சீசன் நேரத்தில் போய் நாலு மூட்டை கேட்டுப் பார்க்கட்டும். மெஷின் கணக்கில் எந்தக் கடையில் எத்தனை மூட்டை விற்றது என்று நாள்வாரியாக உங்களிடம் இருக்கிறது, யார் வாங்கினார் என்றும் இருக்கிறது. வாங்கினவர்களில் நூறு பேரைக் கூப்பிட்டு, "மூட்டைக்கு எவ்வளவு கொடுத்தீங்க, கூட என்ன கொடுத்தாங்க" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். கேட்டால் சொல்லிவிடுவார்கள், யாரும் மறைக்க மாட்டார்கள். ஆனால் அதோடு நிறுத்திக் கடைசியில் இருக்கும் சின்னக் கடைக்காரர் உரிமத்தை மட்டும் ரத்து செய்துவிட்டுப் போகாதீர்கள். லோடோடு பாட்டிலை அனுப்பியது யார் என்று மேலே தேடிப் போங்கள். கடைக்காரருக்கு டன்னுக்கு 354 என்பதையும் கொஞ்சம் கூட்டுங்கள். மூட்டைக்கு இன்னும் பத்து ரூபாய் அவருக்குக் கிடைத்தால் என் தலையில் வாளி விழாது என்றால் அது எனக்கும் லாபம்தான்.

இந்தப் பாட்டில் விஷயத்தில் ஒரு வார்த்தை. திரவ உரம் எதுவுமே வேண்டாம் என்று சொல்கிற பழைய ஆள் இல்லை நான். தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த டிஏபி உரத்தைக் கரைத்து, இலைவழியாகக் கொடுக்கிற கரைசலை உளுந்துக்கு அடித்துப் பலன் பார்த்தவன். ஆனால் 2021-இல் நானோ யூரியா என்ற திரவ உரம் வந்தபோது அரை லிட்டர் பாட்டில் ஒரு மூட்டைக்குச் சமம் என்றார்கள். முதலில் வந்த அந்தப் பாட்டிலில் நைட்ரஜன் 4 சதவீதம், அதாவது மொத்தமாக 20 கிராம். ஒரு மூட்டை யூரியாவில் இருப்பது 20 கிலோ 700 கிராம். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் வயலில் போட்டுப் பார்த்து, வழக்கமான உரத்தில் பாதியைக் குறைத்து நானோ அடித்தால் நெல்லிலும் கோதுமையிலும் விளைச்சல் குறைகிறது என்று சொன்னது. நல்ல சரக்கு என்றால் தனியாக வைத்து விற்கட்டும், பக்கத்து வயலில் பலன் தெரிந்தால் நானே தேடிப் போய் வாங்குவேன். யூரியா மூட்டையின் முதுகில் ஏறிக்கொண்டு எதற்கு என் வீட்டுக்கு வருகிறது?

சரி, மானியத்துக்கு வருகிறேன். அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லப் போவதில்லை, சொன்னால் அது பொய். 1977-லிருந்து ஏதோ ஒரு வடிவத்தில் மானியம் இருக்கிறது. 2022-23-இல் மட்டும் உர மானியத்துக்கு இரண்டரை லட்சம் கோடி ரூபாய் போயிருக்கிறது, உக்ரைன் சண்டையில் உலகச் சந்தை எகிறியபோது. 2021 ஏப்ரலில் டிஏபி மூட்டை 1,900 ரூபாய் என்று அறிவிப்பு வந்து, ஊரே தலையில் கை வைத்து உட்கார்ந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மே மாதம் மூட்டைக்கான மானியத்தை 500-லிருந்து 1,200 ஆக்கி, விலையைப் பழைய 1,200-லேயே நிறுத்தினீர்கள். அன்றைக்கு அதைச் செய்யாமல் இருந்திருந்தால் அந்த வருஷம் குறுவையில் பாதிப் பேர் டிஏபி மூட்டையைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். இப்போது 1,350. யூரியாவின் அடிப்படை விலை 2012-க்குப் பிறகு ஏறவே இல்லை, 2018-இல் மூட்டைதான் 50 கிலோவிலிருந்து 45 கிலோ ஆனது. இதையெல்லாம் மறுக்கவில்லை. இவ்வளவு பெரிய தொகை டெல்லியில் புறப்பட்டு வருகிறதே, அது கடைசி ஒரு கிலோமீட்டரில் எங்கே ஒழுகுகிறது என்பதுதான் என் கேள்வி.

ஒழுகுவது விலையில் மட்டும் இல்லை, விகிதத்திலும்தான். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். காவிரி டெல்டா நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு ஹெக்டேருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 150, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 50, சாம்பல்சத்து (பொட்டாஷ் உரத்தில் இருப்பது) 50 கிலோ. ஏக்கருக்கு மாற்றினால் தழைச்சத்து அறுபது கிலோ, மணியும் சாம்பலும் இருபது இருபது. அதாவது டிஏபி ஒரு மூட்டை, யூரியா இரண்டரை மூட்டை, பொட்டாஷ் முக்கால் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது இதைச் சத்துக் கணக்கில் பாருங்கள். யூரியாவில் ஒரு கிலோ தழைச்சத்து எனக்குப் பதிமூன்று ரூபாய்க்குள் கிடைக்கிறது. பொட்டாஷ் மூட்டை 1,500 என்றே வைத்துக்கொண்டாலும், பல நேரம் அதற்கும் மேலே, ஒரு கிலோ சாம்பல்சத்து ஐம்பது ரூபாய். டிஏபியில் தழைச்சத்துக்கான காசைக் கழித்துவிட்டால் ஒரு கிலோ மணிச்சத்து 53 ரூபாய்க்கு மேல். கையில் காசு குறைவாக இருக்கிறவன் எதை விடுவான்? பொட்டாஷை விடுவான். அடுத்து டிஏபியைப் பாதியாக்குவான். யூரியாவை மட்டும் கூட ஒரு மூட்டை போடுவான், ஏனென்றால் போட்ட நாலாம் நாள் வயல் பச்சையாகத் தெரியும், ரோட்டில் போகிறவர் "பயிர் நல்லா வந்திருக்கே" என்பார். பச்சையைப் பார்த்துப் புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் வரும். மருந்துக் கடைக்கு ஒரு செலவு. தண்டில் வலு இருக்காது, கார்த்திகை மழைக்குப் பயிர் சாயும். அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் கூடுதல் வாடகை. யூரியாவில் மிச்சம் பிடித்த காசு இப்படி மூன்று வழியில் போய்விடும்.

விவசாயிக்குப் படிப்பறிவு இல்லை, மண்ணைக் கெடுக்கிறான் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். நாங்கள் உங்கள் விலைப்பட்டியலைப் பார்த்துத்தான் உரம் போடுகிறோம். அந்தப் பட்டியலை இப்படி ஆக்கியது நாங்கள் இல்லை. 1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, அதே நேரத்தில் யூரியா விலையைப் பத்து சதவீதம் குறைத்தீர்கள். ஒரு பக்கம் ஏற, மறு பக்கம் இறங்க, தராசு அன்றைக்கே சாய்ந்துவிட்டது. 2010 ஏப்ரலில் சத்தின் அடிப்படையில் மானியம் என்று நல்ல யோசனை ஒன்று வந்தது, அதிலும் யூரியாவைச் சேர்க்கவில்லை. தழை, மணி, சாம்பல் 4:2:1 என்று இருக்க வேண்டும் என்று பாடப்புத்தகத்தில் எழுதிவிட்டு, விலையை வேறு விகிதத்தில் வைத்தால் வயல் எந்த விகிதத்தில் போகும்?

இந்த இடத்தில் நான் சொல்லப் போவது எங்கள் ஊர் ஆட்களுக்கே பிடிக்காது, சங்கத் தலைவர்கள் யாராவது படித்தால் என்னைக் கூப்பிட்டுத் திட்டலாம். யூரியா மூட்டைக்கு முப்பது நாற்பது ரூபாய் கூட்டினால்கூட எனக்குச் சம்மதம். ஆனால் ஒரு நிபந்தனை. அந்தக் காசு முழுக்க பொட்டாஷிலும் டிஏபியிலும் விலைக் குறைப்பாக வந்தது என் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதே நாளில், அதே அறிவிப்பில். யூரியாவை இப்போது ஏற்றுவோம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றால் அந்த ஏமாற்றுக்கு நான் ஆள் இல்லை. பிறகு என்பது வராது. ஏற்கனவே வாளியோடு சேர்த்து மூட்டைக்கு 450 கொடுத்துக்கொண்டிருக்கிறவன் 300 கொடுக்க மாட்டானா?

டிஏபி கிடைக்காத வருஷங்களில் அதிகாரிகள் "சூப்பர் போடுங்கள்" என்கிறார்கள். மணிச்சத்தோடு கந்தகமும் சுண்ணாம்பும் இருக்கிற நல்ல உரம்தான் அது, நாட்டிலேயே முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலை 1906-இல் நம் ராணிப்பேட்டையில்தான் வந்தது. ஆனால் அதில் மணிச்சத்து 16 சதவீதம். டிஏபி ஒரு மூட்டைக்கு ஈடாக சூப்பர் மூன்று மூட்டை வேண்டும். மூன்று மூட்டைக்கு வண்டி வாடகை, மூன்று மூட்டையை வரப்பில் தலைச்சுமையாகக் கொண்டுபோக ஆள். பாதி வயலுக்கு வண்டிப் பாதையே கிடையாது. பரிந்துரை எழுதும்போது இந்தச் சுமைக்கூலியையும் கணக்கில் எழுதுங்கள். முடிந்தால் சூப்பருக்கு மானியத்தை அந்தச் சுமைக்குத் தகுந்த மாதிரி கூட்டுங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. உரத்தில் விலையைவிட நாள் முக்கியம் என்பது சாகுபடி செய்தவருக்குத்தான் புரியும். உங்கள் திட்டம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காரிஃப், அக்டோபர் முதல் மார்ச் வரை ராபி என்று ஓடுகிறது. எங்களுக்குக் காரிஃபும் இல்லை ராபியும் இல்லை. குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று இருக்கிறது, சம்பா உங்கள் இரண்டு கட்டத்திலும் ஒவ்வொரு கால் வைத்து நிற்கிறது. 2022-இல் ராபிக்கான மானிய விகிதத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது நவம்பர் 2-ஆம் தேதி. 2023-இல் அக்டோபர் 25. இரண்டுமே அக்டோபர் 1-லிருந்து செல்லும் என்று அறிவிக்கப்பட்டதுதான், காகிதத்தில் எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் விகிதம் தெரியாத மூன்று நாலு வாரம் இறக்குமதி செய்கிறவரும் கம்பெனியும் மொத்த விற்பனையாளரும் என்ன செய்வார்கள்? சரக்கைக் கொஞ்சம் பிடித்து வைத்துக் காத்திருப்பார்கள், வியாபாரி யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார். அந்த நாலு வாரத்தில்தான் எங்கள் தாளடிக்கு அடியுரம் போட வேண்டும், சம்பாவுக்கு மேலுரம் போட வேண்டும். பயிர் உங்கள் அமைச்சரவைக் கூட்டத்துக்காகக் காத்திருக்காது. பருவம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னால் விகிதத்தை அறிவிப்பதில் என்ன கஷ்டம்? 2025 காரிஃபுக்குப் பருவம் தொடங்கும் முன்பே, மார்ச் 28-ஆம் தேதி அறிவித்தீர்களே, இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினால் போதுமே.

மாநில அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. தனியார் கடையில் வாளி விற்க முடிவதே கூட்டுறவு சங்கத்தில் சரக்கு இல்லாததால்தான். சங்கத்தில் மூட்டை இருக்கிற வாரங்களில் எங்கள் ஊர்த் தனியார் கடைக்காரரும் "அண்ணே, சும்மா மூட்டை மட்டும் எடுத்துக்குங்க" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார், நானே பார்த்திருக்கிறேன். ஆகவே எந்தப் பறக்கும் படையையும்விட சங்கக் கிடங்கில் அடுக்கி வைத்த நூறு மூட்டைதான் விலையைக் கட்டுப்படுத்தும். கோடையில், தேவை இல்லாத மாதங்களில், மாநிலக் கூட்டுறவு விற்பனை இணையமான டான்ஃபெட் வழியாகச் சரக்கை எடுத்து ஒவ்வொரு தொடக்கக் கூட்டுறவு சங்கத்திலும் முன்கூட்டியே இருப்பு வையுங்கள். கிடங்கு ஒழுகுகிறது, ஓடு மாற்ற வேண்டும் என்று சங்கச் செயலாளர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். யூரியா ஈரம் பட்டால் கட்டியாகிவிடும் என்று அவர்கள் பயப்படுவதும் நியாயம்தான்.

சங்கத்தில் இன்னொரு சிக்கல். பயிர்க்கடனில் ஒரு பகுதியைப் பணமாகவும் ஒரு பகுதியை உரமாகவும் தருகிறார்கள், நல்ல ஏற்பாடு, கடனும் ஒழுங்காகக் கட்டினால் வட்டியில்லை. ஆனால் உரப் பகுதிக்குச் சங்கத்தில் அன்றைக்கு எது இருக்கிறதோ அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனக்குத் தேவை டிஏபி, இருப்பது வேறு ஏதோ காம்ப்ளக்ஸ் என்கிற கலப்பு உரம். கடன் கணக்கு முடிய வேண்டுமே என்று எடுத்துவந்து, வெளியில் டிஏபிக்குத் தனியாகக் காசு தேடுகிறேன். அப்புறம் அந்தக் கைரேகை மெஷின். எங்கள் ஊரில் எழுபதைத் தாண்டியும் நாற்று பறிக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அறுபது வருஷம் சேற்றில் வேலை செய்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? மெஷின் ஏற்காது, பேரனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு வந்து அவன் பெயரில் மூட்டை எடுக்கிறார்கள். கணக்கில் அந்தப் பையன் பெரிய விவசாயி.

மாநில அரசின் 2021 குறுவைத் தொகுப்புத் திட்டத்தில் ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா, ஒரு மூட்டை டிஏபி, அரை மூட்டை பொட்டாஷ் முழு மானியத்தில் கொடுத்தீர்கள். பொட்டாஷை மறந்தே போன பல பேர் அந்த வருஷம் போட்டார்கள், இலவசமாக வந்ததால்தான். கதிர் மணி வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த அரை மூட்டை பொட்டாஷை மட்டுமாவது வருஷா வருஷம், குறுவைக்கு மட்டும் இல்லாமல் சம்பாவுக்கும், நிரந்தரமாக வையுங்கள் என்று கேட்கிறேன். யூரியாவை இலவசமாகத் தர வேண்டாம், அதை நாங்கள் எப்படியும் வாங்கிவிடுவோம்.

இதைவிட எனக்கு ராத்திரி தூக்கம் கெடுக்கிற விஷயம் ஒன்று உண்டு. கம்பெனிக்குத் தரும் மானியத்தை நிறுத்திவிட்டு விவசாயி கணக்கில் நேரடியாகப் பணம் போட்டுவிடலாம் என்ற பேச்சு. 2015-இல் ஒன்றிய அரசு அமைத்த சாந்தகுமார் குழு ஹெக்டேருக்கு 7,000 ரூபாய் என்றது, 2020-இல் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் வருஷத்துக்கு 5,000 என்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யார் கணக்கில் போடுவீர்கள்? பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்கில். பிஎம் கிசான் 6,000 ரூபாய் அப்படித்தானே போகிறது. நான் உழுகிற மூன்றரை ஏக்கருக்குச் சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார், நல்ல மனிதர், அவர் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் உரத்துக்கான பணம் அவர் போனில் குறுஞ்செய்தியாக வந்து விழும், நான் இங்கே சந்தை விலையில் யூரியா வாங்க வேண்டும். குத்தகைதாரர் பதிவுக்கு 1969-லேயே தனிச் சட்டம் போட்டாயிற்று, ஆனாலும் டெல்டாவில் முக்கால்வாசிக் குத்தகை வாய்ப்பேச்சுதான். எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று அவர்களுக்குப் பயம், எழுதிக் கேட்டால் குத்தகையே போய்விடும் என்று எங்களுக்குப் பயம். கோயில் நிலம் உழுகிறவர்கள் கதை இன்னும் தனி.

இன்றைக்கு நிலம் இருக்கிறதா, பட்டா இருக்கிறதா என்று கேட்காமல் ஆதாரைக் காட்டினால் மூட்டை தருகிறீர்கள். நூறு குறை இருந்தாலும் அந்த ஒரு விஷயம் குத்தகைக்காரனுக்குப் பெரிய துணை. இப்போது விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதுவும் நில ஆவணத்தோடு சேர்ந்துதான் வருகிறது. நாளைக்கு அந்த எண் இருந்தால்தான் உரம் என்று ஆக்கிவிடாதீர்கள். ஆக்கியே தீருவோம் என்றால் அதற்கு முன்னால் கிராம நிர்வாக அலுவலர் வயலுக்கு வந்து, யார் நிற்கிறார், யார் நாற்று விடுகிறார் என்று பார்த்து, நில உரிமைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெளிவாக எழுதிய ஒரு சாகுபடிச் சீட்டு பருவத்துக்குப் பருவம் கொடுக்கட்டும். சொந்தக்காரருக்கும் பயம் இருக்காது.

யூரியா விவசாயத்துக்கு வராமல் பிளைவுட் பசைக்கும் வேறு ஆலைகளுக்கும் போகிறது, அதனால்தான் இத்தனை கட்டுப்பாடு என்பீர்கள். போகிறது, உண்மைதான், 2015-இல் எல்லா யூரியாவுக்கும் வேம்பு பூசச் சொன்னதும் அதைத் தடுக்கத்தான். ஆனால் லாரி லாரியாகப் போகிற திருட்டை, ஆறு மூட்டை வாங்க வருகிற என்னிடம் விரல் ரேகை பார்த்துப் பிடிக்க முடியாது.

ரசாயன உரத்தைக் குறையுங்கள் என்ற அறிவுரைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். குறைக்கிறோம். மாநில அரசின் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் கிடைத்த, பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டு விதையை விதைத்து மடக்கி உழுதேன், அந்த வயலில் யூரியா ஒரு மூட்டை குறைந்தது. ஆனால் பசுந்தாள் வளர நாற்பத்தைந்து நாள் வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும், ஆற்றில் தண்ணீர் வருகிற தேதி மேட்டூர் கையில். மண்ணைப் பரிசோதித்துத் தருகிற மண்வள அட்டை என்று ஒன்று என் பெயரிலும் இருக்கிறது. மண்ணை எடுத்தது என் வயலிலிருந்தா பக்கத்து வயலிலிருந்தா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, நான் அன்றைக்கு ஊரில்தான் இருந்தேன், யாரும் கூப்பிடவில்லை.

பொட்டாஷ் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், டிஏபியிலும் பெரும்பகுதி அப்படித்தான், யூரியா ஆலைக்கான எரிவாயுவும் கப்பலில் வருகிறது, சீனா ஏற்றுமதியை நிறுத்தினால் இங்கே வரிசை நிற்கும் என்பதெல்லாம் எங்களுக்கும் தெரிகிறது. டீக்கடையில் இதையும் பேசுகிறோம். அதை ஒரு நாளில் சரிசெய்யச் சொல்லவில்லை. வந்து இறங்கிய சரக்கை ஒழுங்காகக் கொடுக்கச் சொல்கிறேன்.

வருகிற ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர இரண்டு வாரமாவது ஆகும். அதற்குள் எங்கள் சங்கத்தில் டிஏபியும் பொட்டாஷும் இறங்கியிருக்க வேண்டும். ஜூலைக் கடைசியில் மேலுரத்துக்கு யூரியா வேண்டும். ஏக்கர் கணக்கு உங்கள் வேளாண் உதவி அலுவலரிடம் இருக்கிறது, மூட்டைக் கணக்கை நான் மேலே போட்டுக் கொடுத்துவிட்டேன். நான் கடைக்கு 1,599 ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு போவேன், ஆறு மூட்டைக்கு அதுதான் உங்கள் விலை. வாளி வேண்டுமென்றால் திண்ணையில் ஒன்று பிரிக்காமல் இருக்கிறது, யாராவது ஆய்வுக்கு வந்தால் சாட்சிக்கு எடுத்துப்போகலாம்.

இப்படிக்கு,
பட்டா ஒன்றரை ஏக்கருக்கும் பாடு ஐந்து ஏக்கருக்கும் உள்ள ஒரு விவசாயி,
திருவாரூர் மாவட்டம்